வலுவிழந்தோர் நலனும் தேசியப் பேரவையும்

தமிழ் இலக்கிய வரலாற்றிலே இரட்டைப் புலவர் எனப் பெயர் பெற்ற இருவர் உளர். ஒருவர் கண்பார்வை இல்லாதவர். மற்றவர் கால் வழங்காதவர். நடக்க இயலாதவரைப் பார்வையற்றவர் தோளிலே சுமந்து செல்வார். தோளில் இருப்பவர் வழி சொல்லிக்கொண்டு போவார். ஒருவர் பாட்டின் முற்பாதியைப் பாட, மற்றவர் பிற்பாதியைப் பாடி முடிப்பார். இவ்வாறு இருவரும் ஊர் ஊராகச் சென்று கோயில்களைப் பாடினர் என்பது வழிவழி வந்த செய்தி. காஞ்சிபுரத்து ஏகாம்பரநாதர் மீது அவர்கள் பாடிய உலா இன்றும் நமக்குக் கிடைக்கின்றது.

இக்கதையைச் சிறு வயதிலே கேட்டபோது என் மனத்தில் எழுந்தது இரக்கம். இப்பொழுது எண்ணிப் பார்க்கும்போது வேறொன்று தோன்றுகின்றது. தமக்கு என்ன வேண்டும் என்பதை அவ்விருவரும் தாமே அறிந்து தாமே முடிவு செய்தனர். தோளில் எவ்வாறு ஏறுவது, எந்த வழியாகச் செல்வது, எவ்விடத்தில் இளைப்பாறுவது என்பவற்றைப் பிறர் கூடியிருந்து தீர்மானித்து அவர்களுக்கு அறிவிக்கவில்லை. அவர்கள் காலத்துச் சமுதாயம் அவர்களுக்குப் பெரிதாக எதுவும் செய்திராது. ஆயினும் அவர்கள் பொருட்டு அவர்களைக் கேளாமல் முடிவு செய்யும் வழக்கமும் அன்று இருக்கவில்லை.

இன்று காலம் மாறிவிட்டது. கண் தெரியாதவர், காது கேளாதவர், நடக்க இயலாதவர், மனவளர்ச்சியிற் குறைவுள்ளவர் ஆகியோருக்குக் கல்வி, மருத்துவம், தொழில், உதவிப் பணம், போக்குவரத்து ஆகிய வசதிகளைச் செய்து கொடுப்பது அரசாங்கத்தின் கடமை என்பதை உலகம் ஒப்புக்கொண்டுவிட்டது. கடமையை ஏற்றுக்கொண்ட அரசாங்கத்துக்கு அதனை எவ்வாறு செய்வது என்று சொல்வதற்கு ஓர் ஆலோசனைச் சபை வேண்டும். அத்தகைய சபை எவ்வாறு அமைய வேண்டும், அது கூறும் ஆலோசனை எவ்வாறு பயன்பட வேண்டும் என்பதே இன்றைய பேச்சின் பொருள். நம் நாட்டில் 1996ஆம் ஆண்டுச் சட்டத்தினால் உருவாகிய தேசியப் பேரவையை முன்வைத்தே இதனை ஆராய விரும்புகின்றேன்.

முதலில் பெயரைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். முன்பு குருடர், செவிடர், முடவர் என்று கூசாமல் வழங்கினோம். பின்னர் அங்கவீனர் என்றோம், ஊனமுற்றோர் என்றோம், வலது குறைந்தோர் என்றோம். இப்பொழுது வலுவிழந்தோர் என்றும் மாற்றுத் திறனாளிகள் என்றும் சொல்கின்றோம். ஒவ்வொரு பெயரும் அதற்கு முந்திய பெயரிலிருந்த இழிவைப் போக்குவதற்காக வந்தது. பெயரை மாற்றுவது நல்லதே. ஆயினும் பெயர் மாறிய அளவுக்கு நம் பழக்கம் மாறவில்லையாயின் புதிய பெயரும் சில ஆண்டுகளில் பழைய பெயரைப் போலவே ஒலிக்கத் தொடங்கிவிடும். ஈழத்துத் தமிழில் பெரிதும் வழங்கும் வலுவிழந்தோர் என்ற சொல்லையே நான் இங்கு ஆளுகின்றேன்.

இனி, இத்துறையில் நம் நாடு நடந்து வந்த வழியைச் சுருக்கமாகப் பார்ப்போம். தொடக்கத்தில் இப்பணி அறப்பணியாகவே இருந்தது. கண் தெரியாத பிள்ளைகளுக்கும் காது கேளாத பிள்ளைகளுக்கும் 1912ஆம் ஆண்டில் மேரி சாப்மன் என்னும் ஆங்கில அம்மையார் ஒரு பள்ளியை நிறுவினார். இரத்மலானையில் இயங்கும் பள்ளி அதன் வழி வந்ததே. வடக்கிலே கைதடியில் 1956ஆம் ஆண்டில் நவீல்ட் பாடசாலை தோன்றிற்று. அரசாங்கத்தின் பக்கத்தில் 1948ஆம் ஆண்டிலே சமூக சேவைத் திணைக்களம் நிறுவப்பட்டது. அறப்பணியைக் குறைத்துப் பேசுவது என் நோக்கம் அன்று. அந்தப் பள்ளிகள் இல்லாவிடின் ஆயிரக்கணக்கான பிள்ளைகள் எழுத்தறியாமலே வாழ்ந்து முடிந்திருப்பர். ஆனால் அறத்துக்கு ஓர் எல்லை உண்டு. கொடுப்பவர் மனம் வைத்தால் கிடைக்கும். மனம் வைக்காவிட்டால் ஏன் என்று கேட்க வழியில்லை.

அறத்திலிருந்து உரிமைக்கு வந்த பயணம் மெல்ல மெல்லவே நிகழ்ந்தது. 1988ஆம் ஆண்டில் அரசாங்கம் ஒரு சுற்றறிக்கை வெளியிட்டது. அரச சேவையிலும் கூட்டுத்தாபனங்களிலும் ஏற்படும் வேலைவாய்ப்புக்களில் நூற்றுக்கு 3 வீதத்தை வலுவிழந்தோருக்கு ஒதுக்க வேண்டும் என்பது அதன் சாரம். 1992ஆம் ஆண்டில் பார்வையற்றோரின் புனர்வாழ்வுக்கென ஒரு நம்பிக்கை நிதியம் சட்டத்தின் மூலம் உருவாயிற்று. அதன் பின்னரே 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் வந்தது. வலுவிழந்தோரின் உரிமைகளைப் பாதுகாப்பதற்கென நம் பாராளுமன்றம் இயற்றிய அச்சட்டமே தேசியப் பேரவையைத் தோற்றுவித்தது. 2003ஆம் ஆண்டில் அது திருத்தப்பட்டது. அவ்வாண்டிலேயே வலுவிழந்தோர் பற்றிய தேசியக் கொள்கையும் வகுக்கப்பட்டது.

அச்சட்டம் இரண்டு காரியங்களைச் செய்தது. ஒன்று, உரிமையைச் சொன்னது. வேலைக்கு ஆட்சேர்க்கும்போதும் கல்வி நிலையங்களில் மாணவரைச் சேர்க்கும்போதும் உடற்குறையைக் காரணமாகக் காட்டி எவரையும் ஒதுக்குதல் ஆகாது என்றது. பொதுமக்கள் செல்லக்கூடிய எந்தக் கட்டிடத்துக்கும் வலுவிழந்தவர் செல்வதற்குத் தடை இருத்தல் ஆகாது என்றது. இவ்வுரிமை மீறப்பட்டால் மேல் நீதிமன்றத்தை நாடவும் வழி வகுத்தது. மற்றொன்று, அரசாங்கத்துக்கு ஆலோசனை கூறவும் வலுவிழந்தோரின் நலனையும் உரிமையையும் பேணவும் ஒரு பேரவையை அமைத்தது. அரசாங்கத் திணைக்களங்களின் குரலும் தொண்டு நிறுவனங்களின் குரலும் ஒரே மேசையில் ஒலிக்க வேண்டும் என்பது அதன் உட்கருத்து.

அச்சட்டத்திலே வலுவிழந்தவர் யார் என்பதற்கு ஒரு வரைவிலக்கணம் உண்டு. உடல் ஆற்றலிலோ உள ஆற்றலிலோ உள்ள குறைபாடு காரணமாகத் தம் வாழ்க்கைத் தேவைகளை முழுமையாகவோ பகுதியாகவோ தாமே நிறைவேற்றிக்கொள்ள இயலாதவர் என்பது அதன் கருத்து. 2006ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் ஐக்கிய நாடுகள் சபை ஏற்றுக்கொண்ட உடன்படிக்கை இதனை வேறு விதமாகச் சொல்கின்றது. ஒருவருடைய உடற்குறையும் அவரைச் சூழவுள்ள தடைகளும் சேர்ந்தே அவரைச் சமுதாயத்தில் முழுமையாகப் பங்குகொள்ளவொட்டாமற் செய்கின்றன என்பது அந்த உடன்படிக்கையின் நோக்கு. முதல் வரைவிலக்கணத்தின்படி குறை முழுவதும் மனிதனிடத்தில் இருக்கின்றது. இரண்டாவதன்படி குறையின் ஒரு பங்கு படிக்கட்டிலும், பேருந்தின் உயரத்திலும், விண்ணப்பப் படிவத்தின் சிறிய எழுத்திலும், நம் மனத்திலும் இருக்கின்றது. இலங்கை இவ்வுடன்படிக்கையில் 2007ஆம் ஆண்டு கையொப்பமிட்டு, 2016ஆம் ஆண்டு பெப்ரவரி மாதத்தில் அதனை ஏற்று உறுதி செய்தது. பழைய சட்டம் இதற்கு ஏற்ப மாற வேண்டும் என்ற கோரிக்கை நெடுநாளாக எழுந்து வந்ததன் காரணம் இதுவே.

இவர்கள் எத்தனை பேர் என்று கேட்கலாம். 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின்படி, ஐந்து வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களில் ஏறக்குறைய 16 இலட்சம் பேர் பார்த்தல், கேட்டல், நடத்தல், நினைவிற் கொள்ளுதல், தம்மைத் தாமே பராமரித்தல், பிறருடன் தொடர்பு கொள்ளுதல் ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்றில் இடர்ப்பாடு உடையவர்களாகக் காணப்பட்டனர். இது நூற்றுக்கு 8.7 வீதமாகும். பன்னிரண்டு பேர் கூடியுள்ள இடத்தில் ஒருவராவது இத்தகையவராக இருப்பார் என்பது இதன் பொருள். நம் உறவினர் வீட்டுத் திருமணத்தில் இருபது வரிசைகளில் மக்கள் அமர்ந்திருந்தால், ஒவ்வொரு வரிசையிலும் ஒருவர். அவ்வாறு நாம் காண்பதில்லையாயின், அவர்கள் வீட்டிலேயே தங்கிவிட்டார்கள் என்று கொள்ள வேண்டும்.

இத்தனை பேரின் வாழ்வைப் பற்றி ஆலோசனை கூறும் சபையில் யார் இருத்தல் வேண்டும்? மருத்துவர் வேண்டும், ஆசிரியர் வேண்டும், பொறியியலாளர் வேண்டும், நிதியை அறிந்த உத்தியோகத்தர் வேண்டும். இவற்றில் ஐயமில்லை. ஆனால் இவர்கள் மட்டும் இருந்தால் போதுமா? இக்கேள்விக்கு விடையாக வரலாற்றிலிருந்து இரண்டு நிகழ்ச்சிகளைச் சொல்ல விரும்புகின்றேன்.

பிரான்சு தேசத்திலே 1809ஆம் ஆண்டு பிறந்த லூயி பிரெயில் என்னும் சிறுவன், தந்தையின் தோல் வேலைப் பட்டறையில் நேர்ந்த விபத்தினால் குழந்தைப் பருவத்திலேயே பார்வையை இழந்தான். அவன் கல்வி கற்ற பாரிஸ் நகரப் பள்ளியில், சாதாரண எழுத்துக்களையே தாளில் மேடாகப் புடைக்கச் செய்து விரலால் தடவிப் படிக்கும் முறை வழங்கிற்று. பார்வையுள்ள ஆசிரியருக்கு அது மிக இலகுவாகத் தோன்றியது. அவர்கள் அறிந்த எழுத்தல்லவா? படிக்கும் பிள்ளைக்கோ ஒரு வாக்கியத்தைத் தடவி முடிப்பது பெரும்பாடு. சார்ள்ஸ் பார்பியே என்ற மற்றோர் அறிஞர் பன்னிரண்டு புள்ளிகளைக் கொண்டு ஒரு முறையை அமைத்துக் கொடுத்தார். அவருடைய நோக்கம் உயர்ந்தது. ஆனால் பன்னிரண்டு புள்ளிகள் ஒரு விரல் நுனிக்குள் அடங்கவில்லை. அதைப் பார்வையுள்ள அறிஞர் அறியவில்லை. பார்வையற்ற மாணவன் அறிந்தான். அவன் அவற்றை ஆறு புள்ளிகளாக்கினான். 1829ஆம் ஆண்டில் நூலாக வெளிவந்த அம்முறையே இன்று தமிழ் உட்பட உலக மொழிகள் பலவற்றிலும் பார்வையற்றோருக்குக் கண்ணாக விளங்குகின்றது. அவர் கற்ற பள்ளியே அம்முறையை முறைப்படி ஏற்றுக்கொண்டது 1854ஆம் ஆண்டில். அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன் பிரெயில் இறந்துவிட்டார்.

இரண்டாவது நிகழ்ச்சி 1880ஆம் ஆண்டில் இத்தாலியின் மிலான் நகரிலே நடந்தது. காது கேளாதோரின் கல்வி பற்றி ஆராய்வதற்குப் பல நாட்டு ஆசிரியர்கள் அங்கே கூடினர். கூடியவர்களுள் ஏறக்குறைய எல்லோரும் செவிப்புலன் உடையவர்கள். கைச்சைகை மொழியை விடுத்து உதட்டசைவாலும் பேச்சாலுமே கற்பிக்க வேண்டும் என்று அவர்கள் பெரும்பான்மையினால் தீர்மானித்தனர். அத்தீர்மானத்தின் விளைவாகப் பல நாட்டுப் பள்ளிகளில் சைகை மொழி விலக்கப்பட்டது. கைகளால் பேசிய பிள்ளைகள் தண்டிக்கப்பட்டனர். காது கேளாத ஆசிரியர்கள் பலர் தொழிலை இழந்தனர். அதன் தீங்கு பல தலைமுறைகளைத் தொடர்ந்தது. 2010ஆம் ஆண்டில் கனடாவின் வான்கூவர் நகரிற் கூடிய அதே வழிவந்த மாநாடு, மிலான் தீர்மானங்களை நிராகரித்து வருத்தம் தெரிவித்தது. நூற்று முப்பது ஆண்டுகள் கழிந்து வந்த வருத்தம் அது. மிலானில் கூடியவர்கள் தீயவர்கள் அல்லர், அறியாதவர்களும் அல்லர். காது கேளாத பிள்ளைகளை நேசித்தவர்களே அவர்களுள் பலர். ஆயினும் அந்த மண்டபத்தில் இருக்க வேண்டியவர்கள் இருக்கவில்லை.

எம்மைப் பற்றிய முடிவு எதுவும் எம்மை நீக்கிச் செய்யப்படலாகாது என்பது வலுவிழந்தோர் இயக்கங்கள் உலகெங்கும் முழங்கும் முழக்கம். ஐக்கிய நாடுகள் உடன்படிக்கையின் நான்காம் உறுப்புரையும் இதனையே சட்ட மொழியிற் சொல்கின்றது. சட்டங்களையும் கொள்கைகளையும் வகுக்கும்போது வலுவிழந்தோரைப் பிரதிநிதித்துவம் செய்யும் அமைப்புக்களுடன் நெருங்கிக் கலந்தாலோசித்து, அவர்களையும் அப்பணியில் ஈடுபடுத்த வேண்டும் என்பது அதன் கட்டளை. இங்கு ஒரு நுட்பத்தைக் கவனித்தல் வேண்டும். வலுவிழந்தோருக்காகப் பணிபுரியும் அமைப்பு ஒன்று. வலுவிழந்தோர் தாமே கூடி நடத்தும் அமைப்பு மற்றொன்று. முன்னது எவ்வளவு நல்லதாயினும் பின்னதன் இடத்தை நிரப்பமாட்டாது.

பேரவையில் உரியவர் அமர்ந்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். அடுத்த கேள்வி, அவர் கூறும் ஆலோசனை என்னவாகின்றது என்பது. இங்கேதான் நம் நாட்டு அனுபவம் பெரும் பாடத்தைத் தருகின்றது. 1996ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ், 2006ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில், கட்டிடங்களை வலுவிழந்தோர் அணுகத்தக்கனவாக அமைப்பதற்கான விதிகள் வர்த்தமானியில் வெளியாயின. ஏற்கெனவே உள்ள பொதுக் கட்டிடங்களைத் திருத்தி அமைப்பதற்கு மூன்று ஆண்டுகள் தவணை கொடுக்கப்பட்டது. தவணை ஓடியது, படிக்கட்டுக்கள் அப்படியே இருந்தன.

அப்பொழுது ஒரு மனிதர் நீதிமன்றத்தை நாடினார். கலாநிதி அஜித் பெரேரா என்பது அவர் பெயர். இரசாயனவியலில் வல்லவர், கிரிக்கெட் நடுவராகவும் விளங்கியவர். 1992ஆம் ஆண்டில் அவர் சென்றுகொண்டிருந்த மோட்டார் வண்டியின் மீது வீதியோர மரம் ஒன்று சாய்ந்ததனால் கால்கள் செயலற்று, அன்று முதல் சக்கர நாற்காலியில் வாழ்ந்தவர். 2009ஆம் ஆண்டிலே தாமே மனுதாரராக உச்ச நீதிமன்றத்தின் முன் சென்றார். புதிதாக எழும் பொதுக் கட்டிடங்கள் யாவும் அவ்விதிகளுக்கு அமைந்திருக்க வேண்டும் என்று 2011ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் நீதிமன்றம் கட்டளையிட்டது. அக்கட்டளையும் எங்கும் ஒரே சீராக நிறைவேறியதாகக் கூற முடியாது. ஆயினும் கட்டிட வரைபடங்களை வரைவோரும் அனுமதிப்போரும் சாய்தளம் என்ற சொல்லை மறவாமல் இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம். சட்டம் இருந்தது; பேரவை இருந்தது; விதிகளும் இருந்தன. அவற்றுக்கு உயிர் கொடுக்க ஒரு தனிமனிதர் சக்கர நாற்காலியில் நீதிமன்றம் வரை செல்ல வேண்டியிருந்தது.

சாய்தளம் என்றதும் ஒரு கணக்கைச் சொல்லத் தோன்றுகின்றது. ஓர் அடி உயரம் ஏறுவதற்குப் பன்னிரண்டு அடி நீளமாவது சாய்தளம் வேண்டும் என்பது பல நாடுகளிலும் ஒப்புக்கொண்ட அளவு. ஆறு அங்குல உயரமுள்ள படிகள் மூன்று இருந்தால் மொத்த உயரம் ஒன்றரை அடி. சாய்தளத்தின் நீளம் பதினெட்டு அடி. நம் ஊர்களில் மூன்று படிகளுக்குப் பக்கத்தில் ஐந்தடி நீளத்தில் சீமெந்தைச் சரித்துப் பூசி அதனைச் சாய்தளம் என்று பெயரிட்டிருப்பதை எத்தனை இடங்களிற் காண்கின்றோம்! அதன் வழியாகத் தள்ளுவண்டியில் அரிசி மூட்டையை ஏற்றலாம். மனிதன் தன் கைகளாற் சக்கரத்தை உருட்டி ஏற முடியாது. அதைக் கட்டியவர் விதியை மீற எண்ணியவர் அல்லர். கட்டுவதற்கு முன் சக்கர நாற்காலியில் இருக்கும் ஒருவரை அழைத்து ஏறிப் பார்க்கச் சொல்லவில்லை; அவ்வளவே.

சில ஆண்டுகளுக்கு முன் ஓர் அரச அலுவலகத்தின் வாசலில் நான் கண்ட காட்சி இன்னும் நினைவில் நிற்கின்றது. கையால் இயக்கும் மூன்று சக்கர வண்டியில் ஒருவர் வந்திருந்தார். உதவிப் பணம் தொடர்பாக ஏதோ ஒரு படிவத்தை அவர் ஒப்படைக்க வேண்டும். அலுவலகத்தில் சாய்தளம் இருந்தது. அதன் உச்சியிலிருந்த இரும்புக் கதவோ பூட்டியிருந்தது. திறப்பு காவலாளியிடம், காவலாளி தேநீர் அருந்தப் போயிருந்தார். உள்ளேயிருந்து ஓர் எழுதுவினைஞர் தாமாகவே இறங்கி வந்து, வெயிலில் நின்று, படிவத்தை நிரப்பிக் கையொப்பம் வாங்கிச் சென்றார். அவருடைய அன்பை நான் பாராட்டினேன். வண்டியில் இருந்தவரும் பாராட்டினார். பின்பு அவர் சொன்னார்: "ஐயா, ஐந்து ஆண்டுகளாக இந்த முற்றத்தில்தான் என் அலுவல் முடிகின்றது. உள்ளே எங்கள் பிரச்சினைகளைப் பற்றி மாதந்தோறும் கூட்டம் நடப்பதாக அறிவித்தல் ஒட்டியிருக்கிறார்கள். அதற்கு நான் எப்படிப் போவது?"

அந்தக் கேள்விக்கு அன்று என்னிடம் விடை இருக்கவில்லை. முற்றத்துக்கு இறங்கி வந்த அன்பு பெரிது. எனினும் அது கூட்டத்தில் ஓர் இருக்கைக்கு ஈடாகாது.

வடக்கிலும் கிழக்கிலும் இக்கேள்வி இன்னும் கூர்மை பெறுகின்றது. 2009ஆம் ஆண்டில் முடிவுற்ற போரிலே கால் இழந்தோர், கை இழந்தோர், பார்வை இழந்தோர், உடலில் இன்னும் உலோகத் துண்டுகளைச் சுமந்து வாழ்வோர் இங்கு மிகப் பலர். மண்ணிற் புதைந்த கண்ணிவெடிகளால் பின்னரும் அவயவம் இழந்தோர் உளர். யாழ்ப்பாணத்தில் 1987ஆம் ஆண்டில் தோன்றிய ஜெய்ப்பூர் வலுவிழந்தோர் புனர்வாழ்வு நிறுவனம், செயற்கைக் கால்களைச் செய்து கொடுத்து எத்தனையோ பேரை மீண்டும் நடக்க வைத்தது. அந்த ஜெய்ப்பூர்க் காலின் வரலாறும் நம் பொருளுக்கு உரியதே. மேனாட்டுச் செயற்கைக் கால் சப்பாத்து அணிந்து நடப்பதற்கென அமைந்தது. வயலில் இறங்கவும், சம்மணமிட்டு உட்காரவும், வெறுங்காலுடன் கோயிலுக்குச் செல்லவும் அது உதவவில்லை. 1968ஆம் ஆண்டளவில் ஜெய்ப்பூர் நகரிலே இராம் சந்திர சர்மா என்னும் கைவினைஞரும் சேத்தி என்னும் சத்திர சிகிச்சை நிபுணரும் சேர்ந்து, நம் போன்ற நாட்டு மக்கள் வாழும் முறைக்கு ஏற்ற இரப்பர்ப் பாதத்தை உருவாக்கினர். கால் இழந்தவர் அன்றாடம் எப்படி வாழ்கின்றார் என்பதைக் கண்ட பின்னரே பொருத்தமான கால் பிறந்தது.

கொழும்பில் அமரும் ஒரு பேரவைக்கு முல்லைத்தீவு மணற் பாதையும், மன்னார்த் தீவின் பேருந்துத் தரிப்பிடமும், மலையகத் தோட்டத்து இலயன் வீட்டுப் படிகளும் தெரிய வேண்டும். அவை அறிக்கைகளினால் மட்டும் தெரியமாட்டா. தோட்டத்து இலயனில் முடக்குவாதத்தால் வருந்தும் ஒரு பெண், கிராம உத்தியோகத்தரின் அலுவலகத்துக்குச் செல்ல மலைச்சரிவில் எத்தனை படி இறங்க வேண்டும் என்பதை அவளன்றி யார் சொல்ல வல்லார்? அவள் சொல்வதைத் தமிழிலே கேட்டுத் தமிழிலே பதிந்து தமிழிலே மறுமொழி கொடுக்கும் ஏற்பாடும் வேண்டும்.

இவற்றையெல்லாம் கருதி, இத்தகைய பேரவை எதுவாயினும் அதற்கு மூன்று பண்புகள் இன்றியமையாதன என்று நினைக்கின்றேன்.

முதலாவது, அதன் உறுப்பினரிற் கணிசமானோர் வலுவிழந்தோராகவே இருத்தல் வேண்டும். அவர்களை அவர்தம் அமைப்புக்களே தெரிந்து அனுப்புதல் வேண்டும். அமைச்சர் விரும்பி நியமிக்கும் ஒருவர் நல்லவராக இருக்கலாம். ஆனால் அவர் அமைச்சருக்கு நன்றியுடையவராக இருப்பார். தம் கூட்டத்தார் தெரிந்து அனுப்பிய ஒருவர் அக்கூட்டத்தாருக்குக் கடமைப்பட்டவராக இருப்பார். அவர்களுள்ளும் பார்வையற்றோர், செவிப்புலனற்றோர், நடக்க இயலாதோர், உளநலங் குன்றியோர் எனப் பலரும், பெண்களும், தமிழ் பேசுவோரும் விடுபடாமல் இருத்தல் வேண்டும். ஒருவரை அமர்த்திவிட்டு எல்லோரும் வந்துவிட்டனர் என்று கொள்வது தவறு. படிக்கட்டின் கொடுமையைச் சக்கர நாற்காலியில் இருப்பவர் அறிவார். ஒலிபெருக்கியில் மட்டும் அறிவிக்கப்படும் புகையிரத நேர மாற்றத்தின் கொடுமையைக் காது கேளாதவரே அறிவார்.

இரண்டாவது, கூட்டம் அவர்களுக்கு எட்டுவதாக இருத்தல் வேண்டும். பார்வையற்ற உறுப்பினருக்குக் கூட்ட ஏடுகள் பிரெயில் எழுத்திலோ, கணினி வாசித்துக் காட்டும் வடிவிலோ முன்கூட்டியே கிடைத்தல் வேண்டும். காது கேளாத உறுப்பினருக்குச் சைகை மொழிபெயர்ப்பாளர் வேண்டும். தூரத்திலிருந்து வருபவருக்கும் அவருக்குத் துணையாக வருபவருக்கும் பயணச் செலவு வேண்டும். மண்டபத்துக்கு ஏறும் வழி வேண்டும். இவை செய்யப்படாத இடத்தில் உறுப்பினர் பெயர் இருக்கும். உறுப்பினர் குரல் இராது.

மூன்றாவது, ஆலோசனைக்கு மறுமொழி இருத்தல் வேண்டும். பேரவை ஒன்றைச் சொன்னால், அதனை ஏற்றுக்கொண்டோம் என்றோ, இன்ன காரணத்தால் ஏற்கவில்லை என்றோ, குறித்த காலத்துக்குள் உரிய அமைச்சு எழுத்திலே அறிவித்தல் வேண்டும்; அவ்விடை பொதுமக்களுக்கும் தெரிதல் வேண்டும். ஆலோசனையை ஏற்றே ஆகவேண்டும் என்று அரசாங்கத்தைக் கட்டுப்படுத்த முடியாது. தேர்தலிற் பொறுப்பேற்றவர்கள் அவர்கள். ஆனால் விடை சொல்லாமல் இருக்கும் உரிமை எவருக்கும் இல்லை. கோவையில் உறங்கும் ஆலோசனையைக் காட்டிலும் மறுக்கப்பட்ட ஆலோசனை மேலானது. மறுப்புக்கு எதிராக வாதாடவாவது முடியும்.

இதற்கு இரண்டு மறுப்புக்களைச் சொல்வோர் உளர். ஒன்று, வலுவிழந்தோருக்கு நிருவாகமும் நிதியும் தெரியாது என்பது. 1988ஆம் ஆண்டுச் சுற்றறிக்கையிலும் இதன் நிழல் உண்டு. உடற்குறை கடமையைச் செய்வதற்குத் தடையாக இருத்தல் ஆகாது என்பது அதன் நிபந்தனை. நியாயமானதுதான். ஆனால் தடையாக இருக்கின்றதா இல்லையா என்பதை முடிவு செய்பவர் யார்? பார்வையற்றவர் கணினியில் வேலை செய்வதை ஒருநாளும் கண்டிராத ஓர் அதிகாரி, அவரால் இயலாது என்று நல்லெண்ணத்துடனேயே முடிவு செய்துவிடுவார். நம் நாட்டுப் பள்ளிகளிற் கற்பிக்கும் பார்வையற்ற ஆசிரியர்கள் பலர். பார்வையற்ற பட்டதாரிகளும் பலர். 2024ஆம் ஆண்டில் பார்வையற்றவரான சுகத் வசந்த டி சில்வா நம் பாராளுமன்றத்தில் உறுப்பினராக அமர்ந்தார். சட்டம் இயற்றும் சபையில் அமர வல்லவர், சட்டத்தைப் பற்றி ஆலோசனை கூற வல்லவர் அல்லரோ?

மற்றைய மறுப்பு செலவைப் பற்றியது. ஏழை நாடு இவ்வளவையும் தாங்குமா என்பர். கட்டி முடித்த படிக்கட்டை உடைத்துச் சாய்தளம் அமைப்பது செலவுதான். வரைபடம் வரையும்போதே சாய்தளத்தைச் சேர்ப்பதற்குச் செலவு சிறிது. முதலிலேயே கேட்டிருந்தால் மிச்சமாகும் பணம் அது. மேலும், சாய்தளம் சக்கர நாற்காலிக்கு மாத்திரம் உதவுவதன்று. மூட்டுவலியுடன் நடக்கும் மூதாட்டிக்கும், கைக்குழந்தையை வண்டியில் வைத்துத் தள்ளும் தாய்க்கும், காலில் முறிவு ஏற்பட்ட இளைஞனுக்கும் அதுவே வழி. நீண்ட ஆயுள் பெறும் ஒவ்வொருவரும் ஒரு நாள் கண் மங்கி, காது மந்தமாகி, கால் தளர்ந்து இக்கூட்டத்திற் சேரவேண்டியவர்களே. ஆதலால் இது பிறர் காரியம் அன்று.

முடிவாக ஒன்று. வானொலியிலே பேசும் பேச்சு பார்வையற்றவர் வீட்டுக்கு எளிதாகச் செல்லும். காது கேளாதவருக்கு எட்டாது. அதே பேச்சை அச்சிட்டால் காது கேளாதவர் படிப்பார். பார்வையற்றவருக்கு அது வெறும் தாள். எதைச் செய்தாலும் யாரோ ஒருவர் விடுபட்டுப் போவது இயல்பு. விடுபட்டவர் யார் என்பதை ஒவ்வொரு முறையும் கேட்பதற்காகவே ஆலோசனைப் பேரவை வேண்டும். அக்கேள்விக்கு விடை சொல்ல வல்லவர், விடுபட்டவர் ஒருவரே.

இரட்டைப் புலவருள் ஒருவர் வழி சொன்னார், மற்றவர் நடந்தார். அரசாங்கத்துக்கு நடக்கும் வலிமை உண்டு. வழி அறிந்தவர்கள் வலுவிழந்தோர். வழி அறிந்தவர் சொல்வதைக் கேட்டு வலிமையுள்ளவர் நடந்தால், இந்நாட்டில் முற்றத்தோடு நின்றுவிடும் மனிதர் எவரும் இரார்.